கடைமடையில் மனநல அவசரம்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலை ஏறுகிறவர்கள் காளப்பநாயக்கன்பட்டியைக் கடந்துதான் காரவள்ளி அடிவாரத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து மேலே சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். மலைமேல் வாழவந்திநாடு, வளப்பூர்நாடு, தின்னனூர்நாடு என்று பெரும்பாலும் 'நாடு' என முடியும் பெயர்களோடு 14 ஊராட்சிகளில் ஏறத்தாழ 40 ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை; இவர்கள் தாய்மொழி தமிழ். தமிழ்நாட்டின் மிகப் பெரிய பழங்குடி இனமும் இதுதான். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி மாநிலத்தின் 7.95 லட்சம் பழங்குடியினரில் சுமார் 3.58 லட்சம் பேர் மலையாளிகள். மலையில் வாழ்கிறவர்களின் மனநலம் பற்றிச் சமவெளியில் இரண்டு விதமான பேச்சு புழங்குகிறது. 'மலைக்காரங்களுக்கு என்ன கவலை, மனநோயெல்லாம் டவுன்காரங்களுக்குத்தான்' என்பது ஒன்று. 'மலைக்காரன் குடிச்சிட்டா அடக்க முடியாது' என்பது மற்றொன்று. ஒரே மக்கள் எப்படி ஒரே நேரத்தில் கவலையே அறியாதவர்களாகவும் கட்டுக்கடங்காதவர்களாகவும் இருக்க முடியும்? இரண்டு பேச்சும் ஒரே காரணத்திலிருந்து பிறக்கின்றன என்பதே இக்கட்டுரை சொல்ல வருவது. மலையில் ஒருவருக்கு மனம் நலிந்தால், சமவெளி மருத்துவம் அதைக் கடைசி நொடியில்தான் பார்க்கிறது. அதற்கு முந்தைய மாதங்கள் கண்ணில் படாததால் 'நோயே இல்லை' என்ற பேச்சு எழுகிறது. கடைசி நொடி மட்டும் கண்ணில் படுவதால் 'வன்முறை' என்ற பேச்சு எழுகிறது.

மனநல அவசரம் என்றால் என்ன என்பதில் தெளிவு வேண்டும். தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் முற்றிய நிலை, இல்லாத குரல்கள் கேட்டு அச்சத்தில் கொந்தளிக்கும் நிலை, உண்ணாமல் பேசாமல் அசையாமல் உறைந்துபோகும் நிலை ஆகியவை இதில் சேரும். நான்காவதாக ஒன்று உண்டு, அதுதான் அதிகம் தவறவிடப்படுவது: உடல் நோய் மனநோயின் வேடத்தில் வருவது. சர்க்கரை மிகவும் இறங்கினாலும், தலையில் அடிபட்டு உள்ளே ரத்தம் கசிந்தாலும், மூளைக் காய்ச்சல் கண்டாலும் ஒருவர் சம்பந்தமில்லாமல் பேசுவார், ஆட்களை அடையாளம் தெரியாமல் தள்ளுவார். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினாலும் இரண்டு மூன்று நாள் கழித்து இதே நிலை வரும். இந்தக் குழப்பநிலையில் தாமதம் உயிரையே பறிக்கும். 'குடித்திருக்கிறார்' என்றோ 'மனநோய்' என்றோ மருத்துவமனை வாசலிலேயே முடிவுகட்டிவிட்டால் சர்க்கரையைச் சோதிக்கத் தோன்றாது. மனநோய் என்ற முத்திரை உடல் நோயை மறைத்துவிடும் இந்தப் பிழையை 'முத்திரை மறைப்பு' என்று அழைக்கலாம். யார்மீது முத்திரை விரைவாக விழுகிறது என்பதில்தான் இனம், சாதி, ஊர் எல்லாம் உள்ளே நுழைகின்றன.

ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்குக் கடைமடையின் கதை தெரியும். ஆயக்கட்டின் கடைசியில் இருக்கும் வயலுக்குத் தண்ணீர் முறையாக வந்து சேராது, பயிர் காயும். வெள்ளம் வந்தால் மூழ்குவதும் அதே வயல்தான். வறட்சியும் வெள்ளமும் அந்த மண்ணின் குணத்தால் வருவதில்லை. வாய்க்கால் வழியில் அதற்கு ஒதுக்கப்பட்ட இடத்தால் வருகின்றன. மனநல அவசர சிகிச்சையில் இன வேறுபாடுகளைப் பற்றி உலகெங்கும் திரண்டிருக்கும் சான்றுகளைப் படித்தால் இந்த இரட்டைக் கேடுதான் திரும்பத் திரும்பத் தென்படுகிறது. ஒதுக்கப்பட்ட சமூகங்களுக்குத் தொடக்கத்தில் சிகிச்சை கிடைப்பதில்லை. முற்றிய பிறகு அளவுக்கு மீறிய கட்டாயத்தோடு கிடைக்கிறது.

இதற்கு மிக விரிவான கணக்கு இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே மனநலச் சட்டத்தின் கீழ் ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகவும் மருத்துவமனையில் சேர்க்கலாம். 2022-23இல் ஒரு லட்சம் கறுப்பினத்தவருக்கு இப்படிச் சுமார் 228 கட்டாயச் சேர்க்கைகள் பதிவாயின, வெள்ளையருக்கு 64. மூன்றரை மடங்கு. இப்படி இனவாரியாக எண்ணத் தொடங்கியதற்குப் பின்னால் பெரும் துயரங்கள் உண்டு. 1998 அக்டோபரில் டேவிட் பென்னட் என்ற கறுப்பின நோயாளி, நார்விச் நகரின் மனநல மருத்துவமனையில் ஊழியர்கள் அவரைக் குப்புறக் கிடத்தி நெடுநேரம் அழுத்திப் பிடித்திருந்தபோது இறந்தார். அது பற்றிய விசாரணை அறிக்கை 2004இல் வெளியானது. மறு ஆண்டு முதல் 2010 வரை மனநல மருத்துவமனைகளில் இருந்தவர்களை இனவாரியாக ஆண்டுதோறும் எண்ணினார்கள். எண்ணியதால்தான் 'எங்கோ ஓரிடத்தில் நடந்த தவறு' என்று சொல்லித் தப்பிக்க முடியாமல் போனது.

ஆனால் மூன்றரை மடங்கு என்ற எண் தன்னளவில் எதையும் நிரூபித்துவிடாது. அறிவியல் இங்கேதான் பொறுமையைக் கேட்கிறது. கறுப்பினத்தவருக்கு நோயே அதிகமாக இருக்கலாம். நோய் ஒரே அளவில் இருந்தும் அவர்கள் தாமதமாக வரலாம். ஒரே நோயோடு ஒரே நேரத்தில் வந்தும் மருத்துவர் அவர்களை வேறு கண்ணால் பார்க்கலாம். மூன்று விளக்கங்களும் ஒரே எண்ணைத்தான் தரும். இவற்றைப் பிரித்தறிய வெவ்வேறு கருவிகள் வேண்டும்.

முதல் கேள்விக்கு விடை தேட, மருத்துவமனைப் பதிவேட்டை மட்டும் நம்பாமல், ஒரு பகுதியில் புதிதாக நோய் கண்ட எல்லோரையும் தேடிக் கண்டுபிடித்து, அந்தப் பகுதியின் மொத்த மக்கள்தொகையால் வகுக்க வேண்டும். லண்டன், நாட்டிங்காம், பிரிஸ்டல் ஆகிய இடங்களில் 1997 முதல் 1999 வரை இப்படி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2006இல் வெளியான முடிவின்படி, கரீபிய வம்சாவளிக் கறுப்பினத்தவரிடம் மனச்சிதைவு நோய் வெள்ளையரைப் போல் ஒன்பது மடங்கு. ஆக, நோய் உண்மையிலேயே அதிகம்தான். அப்படியானால் இது பரம்பரைக் கோளாறு என்று அவசரப்பட்டுவிடக் கூடாது. ஜமைக்காவிலும் டிரினிடாடிலும் பார்படோசிலும் அதே வம்சாவளியினரிடம் நடந்த ஆய்வுகளில் இந்த அளவு உயர்வு காணப்படவில்லை. குருதி ஒன்று, வாழும் இடம் வேறு, நோயின் அளவும் வேறு. அதோடு, தென் லண்டனில் நடந்த மற்றோர் ஆய்வு, சிறுபான்மையினர் தங்கள் மக்களோடு திரளாக வாழும் வட்டாரங்களில் அவர்களுக்கு நோய் குறைவாகவும், தனித்துச் சிதறி வாழும் இடங்களில் அதிகமாகவும் இருப்பதைக் காட்டியது. மனிதரைச் சுற்றி மனிதர் இருப்பதே ஒரு காப்பு என்று இதைப் புரிந்துகொள்ளலாம். கொல்லிமலை பற்றி நேரடி ஆய்வு இல்லாமல் இதை அப்படியே பொருத்திவிடக் கூடாது என்றாலும், தம் மக்களோடு வாழும் மலையாளிகளுக்கு அந்தக் காப்பு மலையில் இருக்கவும், பிழைப்புக்காகக் கீழே இறங்கியதும் அது கழன்றுபோகவும் வாய்ப்புண்டு. ஆராயத் தகுந்த ஊகம் இது.

இரண்டாவது கேள்வி, வந்து சேரும் வழி பற்றியது. மேலே சொன்ன அதே மூன்று நகர ஆய்வு இதையும் பார்த்தது. வெள்ளையர் குடும்ப மருத்துவரின் பரிந்துரையோடு வருவது அதிகமாக இருந்தது. கரீபிய வம்சாவளியினர் அந்த வழியில் வருவது குறைவாகவும், காவல்துறை வழியாக வருவது அதிகமாகவும் இருந்தது. காவலரோடு வருகிறவரின் முதல் சிகிச்சை அனுபவமே பிடியும் பூட்டும். அப்படி ஒருமுறை சிகிச்சை பெற்றவர், அடுத்த முறை நோய் தலைகாட்டும்போது மருத்துவமனைக்குத் தானாகப் போவாரா? போகமாட்டார். மறுபடியும் முற்றிய பிறகு, மறுபடியும் காவலரோடுதான் வருவார். அச்சம் தாமதத்தையும், தாமதம் கட்டாயத்தையும், கட்டாயம் மேலும் அச்சத்தையும் வளர்க்கிறது.

மூன்றாவது கேள்விக்கு, மருத்துவர்களையே சோதனைக்கு உட்படுத்தினார்கள். ஒரு கற்பனை நோயாளியின் விவரத்தை எழுதி, ஒரு சொல்கூட மாற்றாமல், இனத்தை மட்டும் மாற்றிப் பல மனநல மருத்துவர்களுக்கு அனுப்புவது இந்த முறை. இங்கிலாந்தில் 1990இல் வெளியான இத்தகைய ஆய்வில், நோயாளி கரீபிய வம்சாவளியினர் என்று எழுதியிருந்தபோது அவர் வன்முறையில் இறங்குவார் என்று மருத்துவர்கள் அதிகமாக மதிப்பிட்டார்கள். வழக்குத் தொடுப்பதும் பொருத்தம் என்று கருதினார்கள். அமெரிக்காவில் 1988இல் வெளியான ஆய்வும் இதே திசையில்தான் சென்றது. நோயாளி ஒருவரே என்பதால், வேறுபாடு முழுதும் பார்ப்பவர் கண்ணிலிருந்தே வந்திருக்க வேண்டும். அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளின் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகளை ஆராய்ந்து 2021இல் வந்த ஆய்வு, நோயின் தன்மை போன்ற பிற காரணங்களைக் கணக்கில் கொண்ட பிறகும், கறுப்பினத்தவரைக் கட்டிவைக்கும் வாய்ப்பு 13 சதவீதம் கூடுதல் என்றது. 13 சிறிய எண்ணாகத் தோன்றலாம். நோயின் தன்மை போன்றவற்றைக் கணக்கில் கழித்த பிறகும் மிஞ்சியது இது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இப்போது கொல்லிமலைக்கு வருவோம். இங்கே நமக்கு மூன்றரை மடங்கு என்றோ 13 சதவீதம் என்றோ சொல்ல எண்ணே இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வெவ்வேறு மனநோய்களில் 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைப்பதில்லை என்று கண்டது. மாநில அளவில் மதிப்பிடுவதற்கான ஆய்வு அது. ஒரு மலையின் ஒரு பழங்குடியைத் தனியே பிரித்துப் பார்க்க அதில் இடமில்லை. மருத்துவர் அபய் பங் தலைமையிலான நிபுணர் குழு 2018இல் பழங்குடியினர் உடல்நலம் பற்றி நாடு தழுவிய விரிவான அறிக்கையை அளித்தபோது, மனநலத்தையும் போதைப் பழக்கத்தையும் முக்கியச் சுமைகளில் ஒன்றாகப் பட்டியலிட்டது. பழங்குடியினருக்கென்று தனித் தரவு இல்லாததையே பெரும் தடையாகக் குறிப்பிட்டது. பதிவேட்டில் ஒரு மக்களின் பெயர் இல்லை என்றால், அவர்களுக்கு நோய் இல்லை என்று பொருளல்ல. ஆனால் திட்டமிடும் மேசையில் அந்த இரண்டும் ஒன்றாகவே நடத்தப்படுகின்றன.

எண் இல்லாவிட்டாலும் வழியை நம்மால் படிப்படியாகப் பார்க்க முடியும். மலைமேல் ஒரு சிற்றூரில் இளைஞர் ஒருவர் தூக்கமிழந்து, தனக்குள் பேசி, பல வாரங்களாக நலிந்துவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மனநல மருத்துவர் இருப்பது கீழே. போனால் ஒரு நாள் கூலி போகும், உடன் வருகிறவரின் கூலியும் போகும். எனவே கோயிலும் குறியும் முதலில் வருகின்றன. ஓர் இரவில் நிலைமை மீறுகிறது. அவரை வண்டியில் ஏற்றி 70 வளைவுகள் இறக்க வேண்டும். மருந்து கொடுத்துத் தணிக்க ஆளில்லை என்றால், வழியில் குதித்துவிடுவாரோ என்ற அச்சத்தில் வீட்டாருக்குக் கையைக் கட்டுவதைத் தவிர வேறு வழி தெரியாது. கீழே மருத்துவமனையில் பணியில் இருப்பவர் கண்ணில் முதலில் படுவது, கட்டப்பட்டு இழுத்துவரப்பட்ட ஒரு மலைவாசி. பயணத்துக்காகப் போட்ட கட்டு, வன்முறைக்குச் சான்றாகிவிடுகிறது. அந்த மருத்துவரிடம் இன வெறுப்பு துளியும் இல்லாமல் இருக்கலாம். தகவல் குறைவாகவும் நேரம் குறைவாகவும் இருக்கும்போது மனித மூளை, அந்த மக்களைப் பற்றிக் கேள்விப்பட்டதைக் கொண்டு இடைவெளியை நிரப்பிக்கொள்கிறது. நல்லெண்ணம் மட்டும் இதைத் தடுத்துவிடாது. சர்க்கரை அளவு, காய்ச்சல், தலைக்காயம், கடைசியாகக் குடித்த நேரம் என யார் வந்தாலும் தவறாமல் பார்க்க வேண்டியவற்றை எழுதிவைத்து அதன்படி நடப்பதே தடுக்கும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இவையெல்லாம் தூரமும் வறுமையும் செய்யும் வேலை, இனத்தை ஏன் இழுக்க வேண்டும். சமவெளியில் இதே தூரத்தில் இருக்கும் ஏழைக்கும் இதே கதிதானே? பாதி உண்மை. புள்ளியியலில் தூரத்தையும் வருமானத்தையும் கணக்கில் கழித்துவிட்டால் இன வேறுபாடு சுருங்கும், சிலவேளை மறைந்தும் போகும். ஆனால் கழிக்கும் காரணி எத்தகையது என்று கேட்க வேண்டும். இரண்டின் மீதும் தனித்தனியே செயல்பட்டு, அவற்றுக்கிடையே இல்லாத தொடர்பைக் காட்டும் காரணியைக் கலப்புக் காரணி என்கிறோம்; அதைக் கழிப்பது சரி. காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவே நின்று ஒன்றை மற்றொன்றுக்குக் கடத்தும் காரணியை இடைக்காரணி என்கிறோம். அதைக் கழித்தால் நாம் தேடியதையே கழித்தவர்களாவோம். மலையாளிக் குடும்பத்தில் பிறந்ததால்தான் அந்த இளைஞர் மலையில் இருக்கிறார். மலையில் இருப்பதால்தான் வண்டி தாமதமாகிறது. இங்கே தூரம் இடைக்காரணி. அதைக் கழித்துவிட்டு 'இன வேறுபாடு இல்லை' என்பது, கடைமடை என்பதைக் கணக்கில் கழித்துவிட்டால் எல்லா வயலுக்கும் நீர் சமம் என்று சொல்வது போன்றது. தூரத்தைச் சரிசெய்தால் வேறுபாடு பெருமளவு தீரும் என்பது இதன் மறுபக்கம். அது நம்பிக்கை தரும் செய்தி.

இன்னொரு மறுப்பு, அவர்கள் சாமியாடியிடம் போவது அவர்கள் பண்பாடு, மருத்துவம் அவர்களுக்கு வேண்டாம் என்பது. திண்டுக்கல் பகுதியில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை மனநல மருத்துவர்கள் ஆராய்ந்து 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். மருந்தில்லாமல், ஆதரவான சூழலில் தங்கியதிலேயே அவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தணிந்திருந்தன. ஒப்பிட வேறொரு குழு இல்லாத சிறிய ஆய்வுதான். நோய் தானாகத் தணியும் காலத்தில் பார்த்ததாகவும் இருக்கலாம். ஆனாலும் கோயிலுக்குப் போவதை மடமை என்று தள்ள இது இடம் தரவில்லை. எதிர்ப்பக்கத்தில், தர்காவை நாடி மனநோயாளிகள் வரும் ஏர்வாடி இருக்கிறது: 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, தனியார் மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டார்கள். மக்கள் நம்பிக்கையோடு கூடும் இடத்தில் மருத்துவம் இல்லாமல் போனால் என்ன நேரும் என்பதற்கு அந்த 28 உயிர்கள் சாட்சி. மக்கள் இரண்டையும் நாடத் தயாராகவே இருக்கிறார்கள். எது கைக்கெட்டுகிறதோ அதை முதலில் நாடுகிறார்கள்.

கைக்கெட்டும்படி செய்ய முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டின் பிற மலைகளிலேயே சான்றுண்டு. தர்மபுரி மாவட்டம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில், இதே மலையாளிப் பழங்குடியினரிடையே, மருத்துவர்கள் ரெஜியும் லலிதாவும் 1993 முதல் பணியாற்றிவருகிறார்கள். அந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி தந்து மருத்துவமனையை நடத்தியதில் குழந்தை இறப்பு பெருமளவு குறைந்தது. கூடலூரில் அஷ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனையும் பழங்குடிச் செவிலியர்களையும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களையும் கொண்டே வளர்ந்தது. இவை முதன்மையாக மனநலத்துக்கான அமைப்புகள் அல்ல; ஆனால் தாமதத்தை உடைப்பது எது என்பதைக் காட்டுகின்றன. வாசலில் நிற்பவர் தன் ஊர்க்காரர் என்றால் நோயாளி முன்னதாகவே வருகிறார். மனநலத்திலேயே, சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனம் 2010 முதல் புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு வண்டியை அனுப்பி, காணொளி வழியாக மனநல மருத்துவரைப் பேசவைத்தது. நாமக்கல்லில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மனநல ஆலோசனை பெற 14416 என்ற டெலி மானஸ் எண்ணும் அதே ஆண்டு முதல் இருக்கிறது. மலைமேல் செம்மேட்டில் பணியிலிருக்கும் பொது மருத்துவர் இந்த இரண்டோடும் இரவிலும் இணைந்திருந்தால், கையைக் கட்டும் முன்பே மருந்து போட்டிருக்க முடியும்.

சட்டம் அதற்குத் தடையாக இல்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 94ஆம் பிரிவு, உயிருக்கு ஆபத்தோ பெரும் தீங்கோ நேரும் நிலையில், பதிவு பெற்ற எந்த மருத்துவரும், ஊருக்குள் வைத்தேகூட, மனநோய்க்கு அவசர சிகிச்சை தரலாம் என்கிறது. அதிகபட்சம் 72 மணி நேரம். அதற்குள் மனநல நிலையத்தில் மதிப்பீடு செய்துவிட வேண்டும். சாதி, பண்பாடு, வர்க்கம் எதன் பேரிலும் பாகுபாடு கூடாது என்று 18ஆம் பிரிவு சொல்கிறது. இந்தச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி, பயணச் சிரமத்தைக் காரணம் காட்டி, வடகிழக்கு மாநிலங்களுக்கும் இமாசலம், உத்தராகண்ட் போன்றவற்றுக்கும் அந்த 72 மணியை 120 ஆக்குகிறது. மலை என்றால் நேரம் பிடிக்கும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் மாநிலம் மாநிலமாகத்தான். சமவெளி மாநிலத்துக்குள் இருக்கும் கொல்லிமலைக்கும் கல்வராயன் மலைக்கும் அது பொருந்தாது. பழங்குடியினருக்கென அரசியல் சட்டம் வகுக்கும் ஐந்தாம் அட்டவணைப் பகுதியும் தமிழ்நாட்டில் இல்லாததால் அந்த வழியாகவும் இம்மலைகளுக்குத் தனிக் கவனம் கிடைப்பதில்லை. 120 மணியை இங்கும் நீட்டுங்கள் என்று கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மதிப்பீடு இல்லாமல் ஒருவரைக் கூடுதலாக இரண்டு நாள் வைத்திருக்க அது இடம் தரும். வெள்ளத்துக்கு இன்னும் கொஞ்சம் வழிவிடுவதாகவே அது முடியும். 72 மணிக்குள் மதிப்பீடு மலைக்கு மேலே போக வேண்டும் என்பதே கேட்க வேண்டியது. அதோடு, அவசரப் பிரிவின் பதிவேட்டில் நான்கு கூடுதல் கட்டங்கள் வேண்டும்: எந்தச் சமூகத்தவர், நோய் தொடங்கி எத்தனை நாள், யார் அழைத்து வந்தார், கட்டப்பட்டு வந்தாரா. சமூகத்தைக் குறித்தால் இழிவு ஒட்டிக்கொள்ளும் என்று சிலர் அஞ்சுவது நியாயம்தான்; பெயர் நீக்கி, மொத்த எண்களாக மட்டும் வெளியிட்டால் அந்த ஆபத்து பெருமளவு நீங்கும். மலை மாநிலங்களுக்கான அந்தத் தனி ஏற்பாட்டின் ஆயுள் பத்தாண்டுதான். சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018 மே மாதம் என்பதால், 2028இல் அதை மறுபடியும் பேசியாக வேண்டும். அந்தப் பேச்சில் கொல்லிமலையின் பெயரும் இடம்பெற வேண்டுமென்றால், அதற்கு முன்பே நாமக்கல் மாவட்டத்தின் கையில் இரண்டு ஆண்டுப் பதிவாவது இருக்க வேண்டும்.